எஸ்டோனியாவில் இருந்து வந்த பொட்டி

வேண்டாமுங்க, மேல வெக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லீங்க, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்குது. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. சேலம்தானே? நான் திருப்பூருங்க.

பொட்டி மேல ஒட்டியிருக்கற பேரைப் பாக்கறீங்க, தெரியுது. மேகலா. எம்புள்ளைங்க. பெங்களூர்ல இருக்கறா. புள்ளைக்கு வந்த பார்சலை அப்பன் எதுக்கு ஊருக்குத் தூக்கிட்டுப் போறான்னு நீங்க கேக்கல, ஆனா முகத்துல கேக்குது. அவளுக்குத் தெரியாமத்தான் தூக்கிட்டுப் போறேன். சொல்லிட்டேன் பாருங்க. கூடப் பொறந்தவகிட்ட, கட்டினவகிட்ட சொல்ல முடியாததை, ஓசூர் தாண்டறதுக்குள்ள உங்ககிட்ட சொல்லிட்டேன். உங்களை மறுக்கா பாக்கப் போறதில்லைங்கற தைரியம்தான்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. எம்பிராய்டரி மிஷின் சர்வீஸ் பண்றேன். கம்பெனி கம்பெனியாப் போவேன். நூல் அந்து போனா மிஷின் தானா நிக்கோணும், அதுக்கு ஒரு சென்சார் இருக்குது, சுண்டுவிரல் தண்டி. அது போச்சுன்னா இங்க கிடைக்காது, சைனாவுல இருந்து ஆன்லைன்ல வரவழைக்கோணும். இருபது நாளாகும், நாப்பது நாளாகும், கஸ்டம்ஸ்ல மாட்டினா அதுக்கும் மேல. கம்பெனிக்காரன் தினமும் போனைப் போட்டு எங்க வருது, எங்க வருதும்பான். நான் அந்த நீட்டு நம்பரை ஒரு நோட்டுல எழுதி வெச்சுட்டு, ஒவ்வொரு சைட்டா அடிச்சு அடிச்சுப் பாப்பேன். ஒரு எழுத்து மாறினாலும் ஒண்ணும் காட்டாது.

போன தீவாளி நோம்பிக்கு மேகலா வந்திருந்தா. நான் கண்ணாடியைத் தூக்கி நெத்தியில மாட்டிக்கிட்டு நம்பர் அடிக்கறதைப் பாத்துட்டு, "அப்பா, இதென்னங்கப்பா இப்படி, தள்ளுங்க"ன்னு லேப்டாப்பை இழுத்து வெச்சுக்கிட்டா. பிரவுசர்ல மேல வலது மூலையில ஒரு குட்டிப் பொட்டி படம் வந்துச்சு. எக்ஸ்டென்ஷன்னு சொன்னா. அதை அமுக்கினா ஒரு லிஸ்ட் எறங்கும். எந்தப் பார்சல் எந்த நாட்டுல, எந்த ஊருல நிக்குதுன்னு அதுவே சொல்லும். மஞ்சளா இருந்தா வழியில வருது, பச்சையானா வந்து சேந்தாச்சு, சிவப்பானா எங்கயோ மாட்டியிருக்குது. நம்பர்கூட அடிக்க வேண்டியதில்லைங்க, ஈமெயில்ல ஆர்டர் வந்தா அதுவா எடுத்துக்கும். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசத்துக்கு, அவளுக்குப் புடிச்ச தேங்காய் பன்னு நாலு வாங்கிட்டு வந்தேன்.

அவ ஊருக்குப் போனபொறவு ஒரு நாள் லிஸ்ட்ல எனக்குத் தெரியாத ஒண்ணு இருந்துச்சு. காப்பிக்கொட்டை அரைக்கற மிஷின், ஜப்பான்ல இருந்து. நான் எங்க அதை ஆர்டர் பண்ணினேன்னு ரோசனை பண்ணிப் பாத்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது. அவசரத்துல புள்ள அவ அக்கவுண்ட்டுலயே எம்பட ஈமெயிலையும் சேத்து ஏத்திட்டா. வெளிய வர மறந்துட்டா. அவளுக்கு வர்றதும் எனக்குத் தெரியுது.

அன்னைக்கே ஒரு போன் போட்டு, அம்மிணி, இப்படி ஆயிருக்குது, உன்னோடதை எடுத்துருன்னு சொல்லியிருக்கோணும். ரெண்டு நிமிச வேலை. சொல்லல.

வேவு பாக்கறதுக்கு இல்லீங்க. அப்படி நினைச்சுக்காதீங்க. எம்புள்ள போன்ல பேசறவ இல்ல. "நல்லாருக்கேன்ப்பா, சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க." இவ்வளவுதான். அவ வீட்டுல என்ன நடக்குது, மாப்ள எப்படி வெச்சிருக்கறாரு, ஒண்ணும் தெரியாது. இந்த லிஸ்ட்டைப் பாத்தாத் தெரிஞ்சுது. காப்பி மிஷின் வருதுன்னா ரெண்டு பேரும் உக்காந்து காப்பி குடிக்கறாங்க. கொரியாவுல இருந்து செடிக்கு ஊத்தற பூவாளி வருதுன்னா பால்கனியில செடி வெச்சிருக்கறா. பச்சை விழுந்தா எனக்கு ஒரு நிம்மதி. தினம் வெடியால டீ குடிச்சுட்டு அந்தப் பொட்டிப் படத்தை அமுக்கினாத்தான் எனக்கு நாள் தொடங்கும். அவளோட பேசின மாதிரி இருக்கும்.

தை மாசம், பொங்கல் கழிஞ்சு நாலாம் நாள், புதுசா ஒரு வரி வந்துச்சு. எஸ்டோனியான்னு ஒரு நாடாமுங்க. அப்படி ஒரு நாடு இருக்கறதே எனக்குத் தெரியாது. அங்க இருந்து ஒரு பொருளு. பேரைப் படிச்சேன். மறுக்காப் படிச்சேன். கைப்பின்னல் கம்பளிக் காலுறை, பொறந்த குழந்தைக்கு.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படிச் சொல்றது. கலியாணமாகி மூணு வருசங்க. யாரும் கேக்காத கேள்வியில்லை. சிரிப்பும் வந்துச்சு. திருப்பூர்ல பொறந்து, பனியன் கம்பெனி சத்தத்துலயே வளந்த புள்ள, உலகத்துக்கே பின்னிப் போடற ஊரு, அவ காலுறை வாங்க எஸ்டோனியா போயிருக்கறா பாருங்கன்னு. தனியா உக்காந்து சிரிச்சேன், கண்ணுல தண்ணி வந்துச்சு. ஈஸ்வரி, எங்க வீட்டம்மா, அடுப்படியில இருந்து என்னன்னு கேட்டா. வாட்ஸ்அப்ல ஒரு ஜோக்குன்னேன்.

அவகிட்டயும் சொல்லல. சொன்னா எப்படித் தெரியும்பா. மூணு மாசம் முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாதுங்கறது நம்ம பக்கத்துல வழக்கமாச்சே, புள்ளையே சொல்லட்டும்னு இருந்தேன். பத்து நாள் வாயைத் தொறக்காமப் பொட்டாட்டம் இருந்தேனுங்க. அதுக்குமேல என்னால முடியல.

எங்கக்கா தெய்வானை இருக்கறா, தாராபுரத்துல. ஒரு கலியாணத்துல பந்தியில எம்பக்கத்துல உக்காந்திருந்தா. சுத்தியும் ஒறம்பரை, சொந்தக்காரங்க. ரசம் ஊத்தறப்ப கேட்டா, "ஏண்டா நாச்சிமுத்து, உம்புள்ள என்ன, இப்படியே இருந்துக்கலாம்னு இருக்கறாளா, இல்ல அந்தப் பையனுக்கு ஏதாச்சும் கோளாறா?" எதிர் வரிசையில ரெண்டு பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. "உம்பட வாயைக் கழுவு, எம்புள்ள முழுகாம இருக்கறா"ன்னுட்டேன். அந்தப் பொம்பளைங்க சிரிப்பு நின்னுச்சு பாருங்க, அந்த ஒரு நிமிசம் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கை கழுவற இடத்துல அக்காகிட்ட சத்தியம் வாங்கினேன், எம்பேரைச் சொல்லக் கூடாதுன்னு. சொல்லவே கூடாதுன்னு வாங்கியிருக்கோணும். எம்பேரைச் சொல்லக் கூடாதுன்னு மட்டும்தான் வாங்கினேன்.

அன்னைக்குப் பொழுதோட எங்கக்கா மேகலாவுக்குப் போன் போட்டு, "என்னடி, நல்ல சேதியாமே, எங்ககிட்டயெல்லாம் மறைப்பியா"ன்னு கேட்டிருக்கறா. யாரு சொன்னாங்கன்னு புள்ள கேட்டதுக்குக் காதுல விழுந்துச்சுன்னு மழுப்பிட்டா. சத்தியத்தைக் காப்பாத்திட்டா, அதுல கொறை சொல்ல முடியாது.

அப்புறம் மேகலா அவங்கம்மாவுக்குப் போன் பண்ணினா. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா ஈஸ்வரி, நான் பக்கத்துல சேர்ல உக்காந்திருந்தேன். புள்ள அழுவறா. "எனக்கும் அவருக்கும் மட்டும்தாம்மா தெரியும். உங்ககிட்டகூட சொல்லாம இருந்தேன். போன வருசமும் ஒண்ணு இப்படித்தான் நிக்காமப் போச்சு, அதனாலதான் பயந்து பயந்து இருந்தேன். இவரு சொல்லாம அத்தைக்கு எப்படித் தெரியும்?" போன வருசம் ஒண்ணு போச்சுங்கறதே எங்களுக்கு அப்பத்தான் தெரியும். பின்னால மாப்ள குரல் கேக்குது, "நான் சொல்லல மேகலா, சத்தியமா நான் யாருகிட்டயும் சொல்லல." அந்த மனுசன் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லைங்க. நந்தகுமார்னு பேரு, சொந்த ஊரு கோபிங்க.

நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க. எந்திரிச்சுப் போயி மோட்டாரைப் போட்டேன். டேங்க் நிறைஞ்சுதான் இருந்துச்சு.

பன்னண்டு நாள் கழிச்சு அது தங்காமப் போயிருச்சுங்க.

எனக்குக் கண்ணு படறது அது இதுங்கற நம்பிக்கையெல்லாம் கிடையாது. மிஷின் வேலை பாக்கறவன். எதுக்கும் ஒரு காரணம் இருக்கும். டாக்டரும் யாரு பண்ணினதும் இல்லீங்க, சில சமயம் இப்படி ஆகும்னுதான் சொல்லியிருக்கறாங்க. ஆனா அன்னைக்கு ஈஸ்வரி முந்தானையில மூஞ்சியை மூடிக்கிட்டு, "மூணு மாசத்துக்குள்ள ஊரெல்லாம் சொன்னா இப்படித்தான் ஆகும், மாப்ள கொஞ்சம் வாயை அடக்கியிருக்கக் கூடாதா"ன்னு அழுதா. நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நம்பிக்கை இல்லாதவன்தான் அன்னைக்குச் சாயந்திரம் போயி கோயில்ல விழுந்து கிடந்தேனுங்க.

ஈஸ்வரி பெங்களூர் போயி பத்து நாள் இருந்துட்டு வந்தா. ரெண்டு பேரும் சரியாப் பேசிக்கறதில்லைன்னு சொன்னா. ஒரே வீட்டுல, அவ ஒரு ரூம்ல லேப்டாப், அவரு ஒரு ரூம்ல லேப்டாப்.

இத்தனைக்கும் நடுவுல இந்தப் பொட்டி வந்துட்டே இருக்குதுங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாதில்ல. நான் வெடியால அமுக்கினா, எஸ்டோனியாவுல இருந்து கிளம்பியாச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஜெர்மனி. அங்க ஒரு வாரம் மஞ்சளாவே நின்னுச்சு. அது தொலைஞ்சு போயிரட்டும்னு வேண்டிக்கிட்டேன். டெல்லி வந்திருச்சு. எம்பட சென்சாரை ஒருவாட்டி கஸ்டம்ஸ்ல இருபத்தி ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க, நான் திட்டாத திட்டு இல்ல. இதையும் அப்படிப் புடிச்சு வெச்சுக்கோ சாமின்னேன். ஒரே நாள்ல விட்டுட்டாங்க. அந்தக் காலுறை விக்கற கம்பெனிக்கு மெயில் போட்டுப் பாத்தேன், திருப்பி எடுத்துக்கங்கன்னு. யாரு பேருக்கு வருதோ அவங்கதான் சொல்லோணும்னு பதில் வந்துச்சு.

எனக்கு ஒரே வெசனம். வேலைக்குப் போனா மிஷின்ல ஊசி ஏறி எறங்கறது கண்ணுல படல. அவ இதை மறந்திருப்பா. கதவைத் தட்டுவாங்க, என்னமோன்னு வாங்கிப் பிரிப்பா, உள்ள அது இருக்கும். தனியா இருக்கறப்பப் பிரிச்சா என்ன ஆவா? அப்பனாப் பொறந்தவன் தெரிஞ்சும் சும்மா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

பெங்களூர்னு காட்டினதும் மிஷினுக்கு ஒரு போர்டு பாக்கோணும்னு சொல்லிட்டு நேத்துக் கிளம்பி புள்ள ஊட்டுக்கு வந்துட்டேன். இன்னைக்கு வெடியால, நோட்டுல எழுதிட்டு வந்த நம்பரைப் போன்ல அடிச்சுப் பாத்தா, டெலிவரிக்குக் கிளம்பியாச்சு. ஒன்பது மணிக்கே நடக்கப் போறேன்னு கீழ வந்து, கேட்டுகிட்ட வாட்ச்மேனோட பேசிட்டு நின்னேன். பதினோரு மணிக்குக் கூரியர்காரர் வந்தாரு. பாவம், என்னைவிட ரெண்டு மூணு வயசு கம்மியா இருக்கும், ஹெல்மெட்டைக் கழட்டி வேர்வையைத் துடைச்சாரு. "மேகலாவா?"ன்னாரு. "அப்பாங்க"ன்னேன். கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துட்டாரு. துணிப் பையில போட்டு, மேல வேட்டியை மடிச்சு வெச்சு மூடிட்டேன். அப்பாடான்னு இருந்துச்சுங்க. புள்ளை தலைக்கு வந்ததைத் தடுத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டேன்.

மத்தியானம் சோறு போட்டா. கத்திரிக்காய்க் குழம்பு. ரெண்டு வாய் சாப்பிடறதுக்குள்ள கேட்டா, "அப்பா, கீழ நின்னீங்களே, கூரியர் யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லியே"ன்னேன்.

"டெலிவர்டுன்னு காட்டுதுங்கப்பா."

"தப்பா வந்திருக்கும் அம்மிணி. எனக்குக்கூட சைனா பார்சல் ரெண்டுவாட்டி அப்படித்தான் காட்டுச்சு."

அவ தட்டைத் தள்ளி வெச்சுட்டா. "முப்பத்தேழு நாளா தினமும் பாத்துட்டு இருக்கேன்ப்பா. எஸ்டோனியாவுல இருந்து ஒவ்வொரு ஊரா வந்துச்சு. அவரு கேன்சல் பண்ணிரலாம்னு சொன்னாரு, நான் வேண்டாம்னுட்டேன். அந்தக் குழந்தைக்குன்னு நான் வாங்கின பொருளு அது ஒண்ணுதாம்ப்பா. வேற ஒண்ணுமே இல்ல. அதைக் கையில வாங்கி வெச்சுக்கோணும்னு இருந்தேன்."

நான் தடுத்தேன்னு சொன்னேனில்ல, அதைத்தான் தடுத்திருக்கறேன்.

அப்பவே எடுத்துக் குடுத்திருக்கலாம். பை சோபா மேலதான் இருக்குது, பத்தடி. குடுத்தா, உங்களுக்கு எப்படிங்கப்பா தெரியும்பா. லேப்டாப்புல பாத்தேன்னு சொல்லோணும். எத்தனை நாளா பாக்கறீங்கம்பா. அப்ப அத்தைகிட்ட சொன்னது யாரும்பா. ஒரு நூலை இழுத்தா முழுசும் பிரிஞ்சு வந்துருமுங்க. நான் மோர் ஊத்திச் சாப்பிட்டேன்.

ரெண்டு மணிக்கு மாப்ள ஆபீஸ்ல இருந்து வந்தாரு, என்னை பஸ் ஏத்தி விடறதுக்கு. செருப்பைக்கூடக் கழட்டல, மேகலா புடிச்சுக்கிட்டா. "நீதானே வாட்ச்மேன்கிட்ட சொல்லி வாங்கி வெச்சிருக்க? நான் பாத்தா அழுவேன்னு ஒளிச்சுட்ட. அன்னைக்கும் சொல்லலைன்னு சத்தியம் பண்ணின. இன்னைக்கும் சத்தியம் பண்ணுவியா?" அவரு என்னை ஒருவாட்டி பாத்தாரு. என் பையை ஒருவாட்டி பாத்தாரு. "நேரமாச்சுங்க மாமா, வாங்க"ன்னு பையை அவரே தூக்கிக்கிட்டாரு.

கார்ல கூட்டிட்டுப் போனாரு. சிக்னல்ல நின்னப்ப, ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "மாமா, கேட்டுல யாரு எது வாங்கினாலும் போட்டோ எடுத்து எம்பட போனுக்கு வந்துரும். நீங்க கையெழுத்துப் போடறது வந்துச்சு."

நான் கேக்காமயே மேல சொன்னாரு.

"அவ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் பண்ணியிருப்பீங்க. நான்தான் எடுத்து வெச்சேன்னு சொல்லிக்கறேன். பொட்டியைப் பத்திரமா வெச்சுக்கங்க, ஒரு வாரம் கழிச்சு நான் வந்து வாங்கிக்கறேன்." அப்புறம் கியரைப் போட்டுட்டு மெதுவாச் சொன்னாரு, "தாராபுரத்து அத்தைகிட்ட சொன்னதும் நான்தான்னே இருக்கட்டுங்க. உங்களுக்கும் அவளுக்கும் நடுவுல எதுவும் வேண்டாம். அவளுக்கு நீங்கன்னா உசுரு."

எப்படிக் கண்டுபுடிச்சாரோ தெரியல. நான் என்ன சொல்லியிருக்கோணும்? வண்டியைத் திருப்புங்கன்னு சொல்லியிருக்கோணும். எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சுங்க. அதைச் சொல்லத்தான் உங்க முகத்தைப் பாக்கக் கூசுது. அப்பாடா, தப்பிச்சேன்னு ஒரு நிம்மதி. "நீங்க நல்லா இருக்கோணும் மாப்ள"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். சன்னல் வழியா தண்ணி பாட்டில்கூட வாங்கிக் குடுத்தாரு.

ஒரு நிமிசமுங்க. புள்ளதான் கூப்பிடறா.

சொல்லு சாமி... இல்ல, இன்னும் கிருஷ்ணகிரி வரல... என்னாச்சு, எதுக்கு அழுவற... ஒத்துக்கிட்டாரா? எதை... சரி... சரி சாமி... ரெண்டையுமா?... இல்ல, நான் என்ன சொல்றது... நாளைக்கா? வெடியால பஸ்ஸுக்கா?... துணியெல்லாம் எடுத்துட்டா?... சரி கண்ணு. வா. நம்ம ஊடு இருக்குது. வா.

வெச்சுட்டாளுங்க.

மாப்ள ரெண்டையும் ஒத்துக்கிட்டாராம். பார்சலை எடுத்து வெச்சதும் நான்தான், அத்தைகிட்ட சொன்னதும் நான்தான்னு. இத்தனை நாளா சத்தியம் பண்ணினதெல்லாம் பொய்யான்னு கேட்டிருக்கறா. ஆமான்னாராம். இப்படி மூஞ்சிக்கு நேரா பொய் சொல்ற மனுசனோட இனி இருக்க முடியாதுங்கப்பா, நான் நாளைக்கு வந்துடறேங்கறா. "நீங்க ஒருத்தர்தான் எங்கிட்ட எப்பவும் உள்ளதைச் சொல்றவரு"ங்கறா. நான் வான்னு சொல்லிட்டேன். நீங்களும்தானே கேட்டீங்க, வான்னு சொன்னேனில்ல?

எம்புள்ளைக்கு ஒரு குழந்தை தங்கல. அதுக்கு நான் காரணமா இல்லையான்னு சாமிக்குத்தான் தெரியும். ஆனா அந்தப் பையன் வீட்டை விட்டு அவ வர்றாளே, அதுக்கு யாரைக் கேக்கறது. அது முழுசும் என்னோடதுதானுங்க.

கொஞ்சம் காலை நகத்துங்க, எந்திரிக்கோணும். கண்டக்டர் தம்பி, இங்கயே நிறுத்துங்க, பெங்களூர் பஸ் எதிர்ல எங்க நிக்கும்? பரவால்லீங்க, ஸ்டாப் இல்லாட்டி என்ன, ரோட்டோரமா விட்டுருங்க.

இல்லீங்க, எறங்கினதும் பேசறேன்னா நான் பேச மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இப்பவே போடறேன். இந்தப் பையை மட்டும் ஒரு நிமிசம் புடிச்சுக்கங்க.

அம்மிணி... அப்பாதான். அழுவாத, கேளு. துணியெல்லாம் எடுத்து வெக்காத. மாப்ள பக்கத்துல இருக்கறாரா? அவரும் கேக்கட்டும். அவரு சொன்னது ரெண்டும் பொய்யி. கேட்டுல நின்னு கையெழுத்துப் போட்டு வாங்கினது நான். அத்தைகிட்ட சொன்னதும் நான்தான்... எப்படியா? சொல்றேன். முழுசும் சொல்றேன் சாமி, போனை வெச்சுராத.